பிள்ளையார் வாகனமும் ஒரு நத்தையும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஆறு வருஷம் யோசித்தேன். பிள்ளையார் கோபித்துக்கொள்வாரோ என்று பயம். பெண்ணும் கோபித்துக்கொள்வாள். (பிள்ளையாரைச் சமாதானப்படுத்திவிடலாம்.)

என் மகள் செல்வி அப்போது எட்டாம் வகுப்பு. பாகூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் அறிவியல் கண்காட்சி. முதல் பரிசு வாங்கினால்தான் புதுச்சேரியில் நடக்கும் பெரிய கண்காட்சிக்குப் போகலாம். ஏரி நத்தையையும் வீட்டு மூஞ்சூறையும் ஒப்பிட்டு ஒரு மாதம் உட்கார்ந்து அட்டை எழுதியிருந்தாள். கண்ணாடித் தொட்டியில் ஈர மணல் போட்டு ஒரு குட்டி நத்தை. பக்கத்தில் எலிப்பொறிக்குள் மூஞ்சூறு. இரண்டையும் சுமந்துபோனது நான்.

"பாத்துக்கப்பா, தண்ணி குடிச்சிட்டு வந்துடறேன்" என்று போனாள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. சுவாமி வாகனத்தை எலிப்பொறியிலா வைப்பது? பொறியின் வாயைத் தொட்டிக்குள் திறந்துவிட்டேன். வீட்டிலிருந்து கொண்டுபோன கொழுக்கட்டையையும் உள்ளே வைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். வாகனம் சைவம்தானே என்ற நம்பிக்கை.

கண்ணைத் திறந்தபோது 'மொறுக்' என்று ஒரு சத்தம்.

"இன்னாப்பா பண்ணி வெச்ச! நத்த எங்க?"

"இங்கதாம்மா இருந்துச்சு..."

மூஞ்சூறு வாயைத் துடைத்துக்கொண்டிருந்தது. கொழுக்கட்டையைத் தொடக்கூட இல்லை. செல்வியின் கண் நிறைந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து நடுவர் டீச்சர் வந்து நின்றார்.

"நத்தை எங்க பாப்பா?"

செல்வி மூக்கை உறிஞ்சினாள். "மூஞ்சூறு வயித்துல மிஸ். நத்தைக்கு முதுகெலும்பு இல்ல, மெல்லுடலி. இது பாலூட்டி. ஆனா எலி ஜாதி இல்ல, பூச்சி புழு தின்ற ஜாதி. எலியா இருந்தா அந்தக் கொழுக்கட்டய வுட்டு வெச்சிருக்குமா?"

டீச்சர் தொட்டிக்குள் குனிந்து பார்த்தார். ஓட்டுத் துண்டு. முழுக் கொழுக்கட்டை. "சரி, இந்த உயிரினங்களோட பாதுகாப்பு?"

"ரெண்டுமே அழியற பட்டியல்ல இல்ல மிஸ். ஆனா வயல்ல அடிக்கிற மருந்துல நத்த சாவுது. எலின்னு நெனச்சி மூஞ்சூற அடிச்சிடறோம். அப்புறம்..." என்னைத் திரும்பிப் பார்த்தாள். "எங்கப்பா மாதிரி ஆளுங்க கொஞ்சம் தள்ளி நின்னாலே போதும்."

கூடம் முழுக்கச் சிரிப்பு. டீச்சர் கை தட்டினார். முதல் பரிசு! பெண்ணைத் தோளில் தூக்கிக்கொண்டு போகலாம் போல இருந்தது. (எட்டாம் வகுப்புப் பெண், விடுவாளா?)

வீட்டில் இன்றைக்கும் நான் எதையாவது தொடப்போனால், "ஏங்க, தள்ளி நில்லுங்க, பாதுகாப்பு" என்கிறாள் என் மனைவி. மடுகரையில் இருக்கும் என் மச்சான் ஊரெல்லாம் மூன்று நத்தை என்று சொல்லித் திரிகிறான். நீங்கள் யாருக்காவது சொன்னால் கூட்டாமல் சொல்லுங்கள்: தின்றது ஒரே ஒரு நத்தை. வாங்கியது முதல் பரிசு. அதைக் குறைக்கவும் வேண்டாம்.