இருபத்திரண்டு கிலோமீட்டர் யார் பார்வையில்?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் மாத இதழை அட்டை முதல் அட்டை வரை, பல்வலி மருந்து விளம்பரம் உட்பட, பதினான்கு வருஷமாக விடாமல் வாசித்துவரும் ஓய்வுபெற்ற இன்சூரன்ஸ் சர்வேயர் எழுதிக்கொள்வது. நான் சுகம், முழங்கால் நீங்கலாக. தாங்களும் தங்கள் குடும்பத்தாரும், என் கதையைத் திருப்பி அனுப்பிய உதவி ஆசிரியரும் சுகமாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். உதவி ஆசிரியர் விஷயத்தில் கொஞ்சம் முயற்சி எடுத்து விரும்புகிறேன்.

ஏனென்றால் அவர் என் கதையின் ஓரத்தில் சிவப்பு மையில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார். "யார் பார்வையில் சொல்கிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யவும்." அந்த ஒரு வரியால் என் மனைவி பதினோரு நாளாக என்னோடு பேசவில்லை. மாடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டவள் சாப்பாட்டுக்குக்கூட இறங்குவதில்லை. மருமகள்தான் தட்டோடு படியேறுகிறாள். தங்கள் அலுவலகத்திலிருந்து முத்திரை வைத்து என் மனைவிக்கு ஒரு கடிதம் எழுதி, கதையில் வரும் கணவன் வேறு, இந்த மனிதர் வேறு, ஆகவே தயவுசெய்து இவரோடு பேசவும் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நடந்ததைச் சொல்கிறேன். பத்தொன்பது வருஷத்துக்கு முன் மகனைப் பள்ளிச் சுற்றுலாவுக்கு அனுப்பிவிட்டு நாங்கள் இருவர் மட்டும் காரில் வெளியூர் கிளம்பினோம். வழியில் பெட்ரோல் பங்க் ஒன்றில் நிறுத்தினேன். பின் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த மனைவி இறங்கி முகம் கழுவப் போனதை நான் கவனிக்கவில்லை. சீட்டில் கம்பளி போர்த்திய துணிமூட்டை இருந்தது. அதுதான் அவள் என்று நினைத்துக் கிளம்பிவிட்டேன். இருபத்திரண்டு கிலோமீட்டர் தூரம் அந்த மூட்டையோடு பேசிக்கொண்டே போனேன். வீட்டுக்கு என்ன நிறம் அடிப்பது, மகனை என்ன படிக்கவைப்பது, அவள் தம்பியோடு எந்த அளவில் வைத்துக்கொள்வது என்று மூன்று முடிவுகள் எடுத்தேன், ஒன்றுக்கும் மறுப்பில்லை. எவ்வளவு நல்ல பயணம் என்று பூரித்துப்போய்த் திரும்பிப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. பதறியடித்துக்கொண்டு திரும்பி வந்தேன். பங்க் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

இதைத்தான் 'நான்' என்று தொடங்கி எழுதினேன். எழுதும் வேகத்தில், "பெஞ்சில் அமர்ந்திருந்த அவள் நெஞ்சில், என் கணவர் வருவார் என்ற நம்பிக்கை பொங்கி வழிந்தது" என்றும் எழுதிவிட்டேன். உதவி ஆசிரியர் பிடித்தது இங்கேதான். மருமகளும் அதையே சொன்னாள். "மாமா, நீங்க இருபத்திரண்டு கிலோமீட்டர் தள்ளி மூட்டைகூடப் பேசிட்டு இருக்கீங்க. அத்தை நெஞ்சுல பொங்கினது உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

ஆசிரியர் அவர்களே, இது எனக்குப் புரியாத விஷயம் இல்லை. முப்பத்தொரு வருஷம் காப்பீட்டு நிறுவனத்துக்காக மோதிய வண்டிகளைப் பார்த்து அறிக்கை எழுதியவன் நான். ஒவ்வொரு விபத்திலும் இரண்டு ஓட்டுநர்களும் சத்தியம் செய்வார்கள், தங்கள் வண்டி நின்றுகொண்டிருந்தது என்று. இரண்டு வாக்குமூலத்தையும் சேர்த்துப் படித்தால் நின்றுகொண்டிருந்த இரண்டு வண்டிகள் மோதியிருக்கும். ஆனாலும் அவரவர் இருக்கையிலிருந்து பார்த்தால் அவரவர் சொல்வது நிஜம்தான் என்று தோன்றும்.

அதனால் 'நான்' வேண்டாம், எல்லாம் தெரிந்தவன் சொல்வது போல எழுதலாம் என்று உட்கார்ந்தேன். ஆஹா, அந்தச் சுகமே தனி. மனைவி மனதுக்குள் போனேன், பெட்ரோல் போட்டவர் மனதுக்குள் போனேன், மூட்டைக்குள்கூட ஒரு பத்தி நுழைந்து பார்த்தேன். பெட்ரோல் போட்டவர் முகம் ஞாபகமில்லாததால் எதிர்வீட்டுத் தையற்காரர் முகத்தையும் மீசையையும் அவருக்குக் கொடுத்து, "எவன் எக்கேடு கெட்டால் எனக்கென்ன" என்று அவரை நினைக்கவைத்தேன். நம்முடையவர்தானே என்று படித்தும் காட்டினேன். மனிதர் ஊசியைக் கீழே வைத்துவிட்டார். "சார், நான் அப்படித்தான் நினைப்பேன். ஆனா அதை நீங்க எப்படிச் சொல்லலாம்?" என்றார். தைக்கக் கொடுத்த என் இரண்டு கால்சட்டையும் அன்றிலிருந்து வெட்டிய நிலையிலேயே கிடக்கின்றன.

கடைசியில் மருமகள்தான் வழி சொன்னாள். "பேசாம அத்தை பார்வையில எழுதுங்க மாமா." நல்ல யோசனை. ஆனால் எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. அந்தப் பெஞ்சில் அவள் என்ன நினைத்தாள் என்று பத்தொன்பது வருஷமாக நான் கேட்டதே இல்லை. தெரியும் என்றே நினைத்திருந்தேன். சரி, இப்போது முறைப்படி கேட்டுவிடலாம் என்று பழைய விபத்து அறிக்கைப் படிவம் ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன். முப்பத்தொரு வருஷப் பழக்கம், வேறு தாளில் எனக்கு விசாரிக்க வராது. சம்பவ இடம், நேரம், வானிலை எல்லாம் நிரப்பினேன். வண்டிக்கு அம்புக்குறி, அவளுக்குப் பெருக்கல் குறி போட்டு வரைபடமும் வரைந்தேன். "சம்பவ நேரத்தில் உங்க மனசுல என்ன இருந்துச்சு?" என்று கேட்டுப் பேனாவைத் திறந்தேன்.

"எழுதறது நீங்க, நினைக்கறது மட்டும் நானா? அதையும் நீங்களே நினைச்சுக்கோங்க. இத்தனை வருஷமா என் பதிலையும் நீங்கதானே சொல்லிட்டு இருக்கீங்க?" என்றாள். சொல்லிவிட்டுப் படிவத்தைக் கையில் வாங்கிப் பார்த்தாள். அங்கேதான் வந்தது வினை. 'விடுபட்ட பொருட்கள்' என்ற கட்டத்தில், கை போன போக்கில், 'மனைவி, ஒன்று' என்று எழுதியிருந்தேன்.

அன்று மாடி ஏறியவள்தான். கதவுக்கு வெளியே நின்று விளக்கம் சொன்னேன், மன்னிப்புக் கேட்டேன். கதவு திறக்கவில்லை. மூட்டையோடு இருபத்திரண்டு கிலோமீட்டர் சந்தோஷமாகப் பேசிய எனக்கு, அவள் இல்லாமல் வீட்டுக்குள் பத்தடி நடக்க முடியவில்லை. செய்தித்தாள் படித்தால்கூட யாரிடம் கோபித்துக்கொள்வது? கதை வராவிட்டால் போகட்டும். அவள் பேசினால் போதும். அந்தக் கடிதத்தை மட்டும் உடனே அனுப்பிவையுங்கள்.

தங்கள் பத்திரிகை இன்னும் நூறு வருஷம் வெளிவரட்டும். அச்சகத்தாருக்கும், தபால் பிரிப்பவருக்கும், உதவி ஆசிரியருக்கும் என் அன்பைச் சொல்லவும்.

இப்படிக்கு,
பதிலுக்குக் காத்திருக்கும்
ஓய்வுபெற்ற சர்வேயர்

பின்குறிப்பு (இது வேறு கையெழுத்து என்பது தங்களுக்கே தெரியும்):

இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்க்கச் சொல்லி மருமகளிடம் கொடுத்தார். அவள் தட்டோடு சேர்த்து மேலே கொண்டுவந்துவிட்டாள். நான்தான் அந்த 'மனைவி, ஒன்று'.

எனக்குக் கோபம் அரை நாள்தான் இருந்தது. அதற்குப் பிறகு எழுத உட்கார்ந்துவிட்டேன். இவர் கதவுக்கு வெளியே நின்று மன்னிப்புக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வாக்கியம் அறுந்துபோகிறது. பேசாமல் இருப்பதற்குக் காரணம் அவ்வளவுதான்.

அன்று வண்டி கிளம்பியபோது நான் குழாயடியில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும். கூப்பிடவில்லை. ஒரு காபி வாங்கிக்கொண்டு, சர்க்கரை எனக்குப் பிடித்த அளவு போட்டு, பெஞ்சில் உட்கார்ந்தேன். யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. அவ்வளவு நிம்மதியாக இருந்தது. வண்டி திரும்பி வருவது தெரிந்ததும் அழுகை வந்துவிட்டது. நம்பிக்கை எதுவும் பொங்கவில்லை, பாதிக் காபி மிச்சமிருந்தது. இவர் ஓடிவந்து, நடுங்கிக்கொண்டே, "பயந்துட்டியா?" என்று கேட்டார். பயந்திருந்தது இவர்தான். பாவமாகிவிட்டது, பிரியமாகவும் இருந்தது. ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

என் கதை இன்னும் ஒரு பக்கம் பாக்கி. அது முடியும்வரை இவர் கேட்ட கடிதத்தை மட்டும் தயவுசெய்து அனுப்பிவிடாதீர்கள். வந்துவிட்டால் நான் இறங்கிப்போய்ப் பேசியாக வேண்டும்.