கேழ்வரகில் எழுதிய பாடம்

இனிமேல் தன் கை, எழுத்து வேலை தவிர வேறு எதையும் தொடாது என்று பச்சியப்பன் தீர்மானித்துவிட்டார். பஜனை மடத்தில் விழா அறிவிப்பு எழுத ஆள் தேடினார்கள். நாளை வெள்ளிக்கிழமை, மடத்துப் பெரியவர் வெங்கடாசலம் வீட்டுக்கே வந்து எழுதச் சொல்லிப் பார்ப்பார். தேறினால் ஊருக்கே எழுத்துக்காரர்.

"உங்க எழுத்துல பாதிக்குக் காலு இல்ல, மீதிக்குக் கொம்பு இல்லன்னு பேசிக்கிறாங்களே" என்றாள் மனைவி தீர்த்தம்மாள்.

"எழுத எழுதத் தானா வந்துரும் புள்ள. கை பழகிட்டா மனசே வேண்டியதில்ல. நீ மட்டும் கேவுரு காய வெக்கக் கூப்புடாத."

வாசல் முழுக்க ஈரக் கேழ்வரகு. விடாமல் துழாவிக்கொண்டே இருந்தால்தான் பொழுதுக்குள் காயும். சித்தேரி மலைமேல் மேகம் ஒன்று தூக்கக் கலக்கத்தோடு மிதந்தது. மழை பிடித்தால் தானியம் முளைத்துவிடும். வருஷத்துக்கும் களி கிடையாது. தீர்த்தம்மாள் கண்ணை மூடி, "தீர்த்தகிரீசா" என்றாள். திறந்தபோது முகம் தெளிந்திருந்தது.

"ஏனுங்க, யுத்தத்துல காகிதம் எங்க கெடைக்குது? இந்தக் கேவுருமேல விரலால எழுதுங்க. தப்பு வந்தா கலைச்சுட்டு மறுபடி எழுதுங்க."

பச்சியப்பன் உட்கார்ந்தார். செம்பழுப்பு நீரில் பரிசல் போல, தானியத்தின்மேல் விரல் மிதந்தது. எழுத்து பிறந்தது, ஐந்து விரலும் விரிந்து ஒரு துழாவு, கரைந்தது. மறுபடி பிறந்தது. வெயில் இதமாய் முதுகில் சாய்ந்தது. தன் எழுத்தை அரூர்ச் சந்தையே நின்று படிப்பதுபோல அவருக்குக் கனவு வந்தது. குருவிகள் கிட்டே வரவில்லை.

"அந்த மூலையில சரியா எழுதலீங்க."

"உனக்குப் படிக்கத் தெரியுமா?"

"தெரியாதுங்க. ஈரமாத் தெரியுது."

பொழுது சாயும்போது தானியம் கலகலவென்று குதிருக்குள் இறங்கியது. அப்புறம்தான் தூறல் விழுந்தது.

மறுநாள் வெங்கடாசலம் காகிதமும் மைக்கூடும் கொண்டுவந்தார். பச்சியப்பன் பேனாவை மையில் தொட்டு எழுதினார். காலும் கொம்பும் அதனதன் இடத்தில் நின்றன. ஒரு பிழை இல்லை. பெரியவர் தலையசைத்தார். பச்சியப்பன் சொக்கிப்போனார். சொக்கிய நேரத்தில் அவர் கை, யாரையும் கேட்காமல், ஐந்து விரலையும் விரித்து ஈர மையின்மேல் நன்றாக ஒரு துழாவு துழாவியது.

காகிதம் கரிச்சட்டியாயிற்று. வெங்கடாசலம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

தீர்த்தம்மாள் கணவன் முன்னால் மோர்ச் செம்பை மெதுவாக வைத்தாள்.

"தானா வந்துரும்னீங்களே, வந்துருச்சுங்க. நாளைக்குக் கொள்ளு காயக் கொட்டி வெக்கறேன்."