என் பெயருக்குப் பின்னால் பி.டெக். போட வேண்டாம்

மட்டாஞ்சேரி,
ஞாயிற்றுக்கிழமை

மதிப்பிற்குரிய முத்துவேல் மாமாவுக்கு,

மருமகன் இசக்கிராஜா எழுதிக்கொள்வது. இங்கே அப்பா, அம்மா, செல்வி அக்கா, நான், மழைக்கு ஒழுகும் சமையலறை ஓடு எல்லாரும் அவரவர் நிலையில் இருக்கிறோம். அங்கே நீங்களும் அத்தையும் அத்தையின் முழங்காலும் நலமாக இருக்க இசக்கியம்மன் துணை நிற்கட்டும். இதையெல்லாம் எழுதாமல் விஷயத்துக்கு வரக்கூடாது என்று அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து சொல்கிறாள். எழுதியாயிற்று. விஷயத்துக்கு வருகிறேன்.

அக்கா கல்யாணப் பத்திரிகையில் என் பெயருக்குப் பின்னால் பி.டெக். என்று போட வேண்டாம். நான் பாஸாகவில்லை. ஒரு பேப்பர் போய்விட்டது.

"அண்ணன்கிட்ட இப்படியால போட்டு உடைப்ப? கொஞ்சம் சுத்தி வளைச்சு எழுதுல" என்கிறாள் அம்மா. சுத்தி வளைக்க நான் என்ன மதில் சுவரா கட்டுகிறேன்? இதைப் போனில் சொல்லத்தான் மூன்று முறை முயன்றேன். நீங்கள் எடுத்த எடுப்பில் "என்ன எஞ்சினியர் மாப்ள, எப்படிய்யா இருக்கீரு" என்று ஆரம்பித்து, பந்தலுக்கு ஆள் பார்த்தது, சமையலுக்கு ஆள் பார்த்தது, அத்தை முழங்காலை டாக்டர் பார்த்தது வரைக்கும் பேசி, நான் வாயைத் திறக்கும்போது "சரி மாப்ள, கடைக்கு ஆள் வந்துட்டாவ" என்று வைத்துவிட்டீர்கள். அதனால்தான் கடிதம். கடிதத்தை நடுவில் வைக்க முடியாது. நான் மலையாளத்தில் படித்தவன், தமிழ் அம்மா சொல்லிக்கொடுத்ததுதான். தப்பு இருந்தால் உங்கள் தங்கச்சியைக் கேளுங்கள்.

நேற்று நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய பத்திரிகை மாதிரியைப் பார்த்தேன். மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் பதினோரு பெயர், பதினோரு பட்டம். மாப்பிள்ளையின் சித்தி மகன் ஒருவன் பெயருக்குப் பின்னால் 'பி.காம்., (இரண்டாம் ஆண்டு)' என்றுகூடப் போட்டிருக்கிறார்கள். நம் பக்கம் பதினாலு பெயர், ஒரே பட்டம், அது என்னுடையது. அதையும் பிரஸ்காரன் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறான். "அவுகளுக்குப் பதினொண்ணு, நமக்கு ஒண்ணு, ஆனா நம்மளோடது எஞ்சினியரு மாப்ள" என்று நீங்கள் அனுப்பிய வாய்ஸ் மெசேஜை அப்பா ஏழு முறை கேட்டார். எட்டாவது முறை கேட்கும்போது அழுதார். பெண் பார்க்க வந்த அன்றே நீங்கள் சம்பந்தியிடம் "பொண்ணோட தம்பி எஞ்சினியரு" என்று சொல்லித்தான் பேச்சு சூடு பிடித்தது என்று எனக்குத் தெரியும். சம்பந்தி மின்வாரியத்தில் முப்பது வருஷம் இருந்தவர். நாளைக்குக் கல்யாண மண்டபத்தில் "தம்பி எந்த வருஷம் பாஸ் அவுட்டு?" என்று கேட்டால் நான் பொய் சொல்ல மாட்டேன். அதனால் கேட்பதற்கே வழியில்லாமல் வெறும் பெயரை மட்டும் போடுங்கள். வெள்ளிக்கிழமை பிரஸ்ஸுக்குப் போகிறது என்றீர்கள். வியாழக்கிழமைக்குள் இந்தக் கடிதம் சுரண்டைக்கு வந்துவிடும்.

எப்படிப் போனது என்று கேட்பீர்கள். இந்த ஒரு வருஷத்தை ஒழுங்காகச் சொன்னால்தான் புரியும்.

ஜூனில் கடைசி வருஷம் ஆரம்பித்தது. வீட்டில் ஒருவன் எஞ்சினியருக்குப் படிக்கிறான் என்றால் தெரு முழுக்க மிக்ஸி ரிப்பேராகிவிடும் போலிருக்கிறது. வீட்டுச் சொந்தக்காரி கனகாம்பாள் மாமி கிரைண்டரைக் கொண்டுவந்து வைத்தாள், அடுத்த வீட்டுக்காரர் ஃபேனைக் கழற்றிக்கொண்டே வந்தார். ஒன்றுக்கும் மாட்டேன் என்று சொல்லவில்லை, ஏனென்றால் பழுதான ஒன்றைப் பார்த்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும். ஆகஸ்டில் வேலைக்கு ஆள் எடுக்க எர்ணாகுளத்திலிருந்து ஒரு கம்பெனி காலேஜுக்கு வந்தது. மூன்று ரவுண்டு தாண்டிவிட்டேன். நாலாவதில் ஒரு அம்மா "உங்கள் பலவீனம் என்ன?" என்று கேட்டார். "இந்த மாதிரிக் கேள்விக்கு எனக்குப் பொறுமை கிடையாது" என்றேன். உண்மையைத்தான் கேட்டார், உண்மையைத்தான் சொன்னேன். எனக்கு முன்னால் போனவன் "நான் அளவுக்கு மீறி உழைப்பேன், அதுதான் பலவீனம்" என்று சொல்லி வேலை வாங்கிக்கொண்டு வந்தான். அவன் நாலு வருஷமாக என் அசைன்மென்ட்டைக் காப்பியடித்தவன்.

டிசம்பரில் கொஞ்சம் வெளிச்சம். பிராஜெக்டுக்கு இஞ்சித் தோல் சீவும் மெஷின் செய்தேன். அப்பா வேலை செய்யும் பஜார் ரோடு சுக்கு குடோனில் வைத்து ஓட்டிக் காட்டினேன். தோல் சீவியது. ஆனால் சீவிய இஞ்சியை எங்கே விட வேண்டும் என்று நான் யோசிக்கவில்லை. அது ஒவ்வொன்றாகக் குடோன் கூரைக்குப் போய்விட்டது. முதலாளி குடை பிடித்துக்கொண்டு நின்று பார்த்தார். "செல்லதுரை, உன் மகன் மிடுக்கன்தான்" என்று அப்பாவிடம் சொன்னாராம். இங்கே மிடுக்கன் என்றால் கெட்டிக்காரன். கலூரில் நடந்த போட்டியில் அதற்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. அங்கே கூரை ரொம்ப உயரம், யாரும் கவனிக்கவில்லை.

மார்ச்சில்தான் பம்பு வந்தது.

எங்கள் காலேஜ் லேபில் தண்ணீர் பம்பு ஒன்று இருக்கிறது. அதை ஓட்டி, எவ்வளவு கரண்ட் போகிறது, எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று அளந்து, அதன் திறன் நூற்றுக்கு எத்தனை என்று கண்டுபிடிக்க வேண்டும். இதுதான் பரீட்சை. இதில் கண்டுபிடிக்க ஒன்றுமே கிடையாது, ஏனென்றால் விடை 41. இருபத்தைந்து வருஷமாக 41. சீனியர் ரெக்கார்டு நோட்டில் 41, அவனுடைய சீனியர் நோட்டில் 41. அளவெடுப்பதற்கு முன்பே பென்சிலால் 41 என்று எழுதிவைத்துக்கொண்டு, அந்த 41 வரும்படி மேலேயிருந்து கணக்குப் போட்டுக்கொண்டு வருவார்கள். இதற்குப் பெயர் எஞ்சினியரிங்.

அந்தப் பம்பின் தண்டு சுழலும் இடத்தில் கயிறு மாதிரி ஒரு பேக்கிங் இருக்கும். அதில் நிமிஷத்துக்கு நாற்பது ஐம்பது சொட்டு ஒழுகலாம், ஒழுகவும் வேண்டும். இங்கே கோயில் குழாயைத் திறந்துவிட்ட மாதிரி கொட்டுகிறது. கீழே ஒரு வாளி. லேப் உதவியாளர் நாணு சேட்டன் அந்த வாளியை எடுத்துப்போய், துறைத் தலைவர் சுதீர் சார் ஜன்னலுக்கு வெளியே வைத்திருக்கும் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றுவார். பதினோரு வருஷமாக அவருடைய வேலை அதுதான். செடி இப்போது மரம்.

எனக்குக் கை சும்மா இருக்குமா? எர்ணாகுளம் போய்ப் புது பேக்கிங் வாங்கிவந்தேன். மூன்று நாள் சாயங்காலம் உட்கார்ந்து பழையதைச் சுரண்டி எடுத்துப் புதிதை வைத்தேன். நாணு சேட்டன் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். "மோனே, வேண்டா. பம்பினு அது சீலமாயிப் போயி" என்றார். பம்புக்கு அது பழகிப்போச்சாம். ஓட்டினேன். வாளியில் வெறும் சொட்டுதான். திறன் 58. மாமா, பொய் சொல்லவில்லை, எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஏப்ரலில் பரீட்சை. சீட்டுக் குலுக்கியதில் எனக்கு அதே பம்பு. அளந்தேன், 58 என்று எழுதினேன். வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் என் தாளைப் பார்த்தார், ரெக்கார்டைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். சுதீர் சாரைக் கூப்பிட்டார்.

"ராஜா, நாற்பத்தொண்ணு எவிடெ?" என்றார் சுதீர் சார், நான் எடுத்து டிபன் பாக்ஸில் வைத்துக்கொண்ட மாதிரி.

"சார், அது லீக்கோட திறன். இதுதான் பம்போட திறன்."

"இத்தனை பேட்ச் எழுதினது தப்பா?"

"ஆமா சார்."

"நான் இங்கே படிக்கும்போது எழுதினதும் தப்பா?"

"ஆமா சார்."

இங்கே நிறுத்தியிருக்கலாம் என்று அக்கா சொல்கிறாள். எக்ஸாமினர் சிவப்பு மையில் 'அளவுகள் ரெக்கார்டோடு பொருந்தவில்லை' என்று எழுதிவிட்டுச் சாயா குடிக்கப் போனார். மற்ற பேப்பர் எல்லாம் பாஸ். இது மட்டும் ஃபெயில். என் வகுப்பில் அந்தப் பம்பைத் தொட்டே பார்க்காத பதினேழு பேர் இப்போது எஞ்சினியர்கள்.

அப்பா கேட்டதும் "ஏல, ஓடிக்கிட்டிருந்த பம்ப யாருல உன்னயத் தொடச் சொன்னா?" என்று கத்தினார். புதன்கிழமை மறுபரீட்சை வைக்கிறார்கள். வந்து 41 என்று எழுதிவிட்டுப் போ என்று சுதீர் சார் ஆள் மூலம் சொல்லியனுப்பினார். 58 காட்டும் பம்பின் முன்னால் உட்கார்ந்து 41 என்று எழுத இந்த ஜென்மத்தில் என்னால் முடியாது. போகவே போவதில்லை. பட்டம் இல்லாவிட்டால் போகட்டும், பம்பு ஒழுங்காக ஓடுகிறது.

அக்காவைத்தான் நினைக்கிறேன். பட்டம் இல்லையென்றால் சம்பந்தி வீட்டில் அவளைக் குத்திக்காட்டுவார்களோ என்று அம்மாவுக்குப் பயம். அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன், நீங்களே பக்குவமாகச் சம்பந்தியிடம் சொல்லிவிடுங்கள். பத்திரிகையில் உண்மைதான் இருக்க வேண்டும். இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் வைத்திருப்பது ஜெராக்ஸ் கடை. ஒரு மெஷின். அதுவும் மழை நாளில் பேப்பர் சிக்கும். உங்கள் பெயருக்கு முன்னால் 'தொழிலதிபர்' என்று போட்டிருக்கிறீர்கள். அதையும் எடுத்துவிட்டால் பத்திரிகை சுத்தமாகிவிடும்.

அத்தைக்கு என் வணக்கம். நீங்கள் தாய்மாமனாக முன்னால் நின்று அக்கா கல்யாணத்தை நடத்தித் தர வேண்டும் என்றும், உங்கள் மெஷினில் பேப்பர் சிக்காமல் இருக்க வேண்டும் என்றும் வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பெயருக்குப் பின்னால் ஒன்றும் இல்லாத
இசக்கிராஜா

பின்குறிப்பு: இன்று புதன்கிழமை. அப்பா இந்தக் கடிதத்தைத் தபாலில் போடாமல் சட்டைப் பையிலேயே வைத்திருந்திருக்கிறார். மறந்துவிட்டாராம். நம்ப வேண்டியதுதான். இனி நானே ஸ்பீடு போஸ்டில் அனுப்புகிறேன், வெள்ளிக்கிழமைக்குள் வந்துவிடும். இதற்கு நடுவில் இரண்டு விஷயம் நடந்தது. திங்கட்கிழமை சுதீர் சாரே வீட்டுக்கு வந்தார். ஜூனியர் பேட்ச் அறுபத்திரண்டு பேரும் ரெக்கார்டில் 41 எழுதி முடித்துவிட்டார்களாம், பம்பு 58-ஐ விட்டு இறங்க மாட்டேன் என்கிறதாம், கறிவேப்பிலை வேறு வாடுகிறதாம். "எடா ராஜா, ஆ லீக் ஒண்ணு திரிச்சு வைக்காமோ?" என்றார். அந்த ஒழுகலைத் திரும்ப வைக்க வேண்டுமாம். முடியாது சார் என்று வாசலோடு அனுப்பிவிட்டேன். அவர் போனதும் செல்வி அக்கா அப்பாவின் சட்டையைத் துவைக்க எடுத்தவள் இந்தக் கடிதத்தை எடுத்து முழுக்கப் படித்தாள். இஞ்சி கூரைக்குப் போன இடத்தில் சிரித்தாள். கடைசிப் பக்கம் வந்ததும் சிரிக்கவில்லை. "ஏல ராஜா, என் மாமியார் வீட்டுல பதினோரு பட்டத்துக்கு நடுவுல நான் ஒருத்தி பிளஸ் டூவோட நிக்கணும். உன் பேருதான்ல எனக்கு இருக்கு. உனக்கு நான் பெருசா, அந்தப் பம்புக் கயிறு பெருசா?" என்றாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் லேபுக்குப் போனேன். சரி பண்ண மூன்று நாள் ஆன பேக்கிங்கைக் கெடுக்கப் பத்து நிமிஷம்தான் ஆயிற்று. முதலில் 44 காட்டியது. பேக்கிங்கை இறுக்கும் நட்டை இன்னும் அரைச் சுற்று தளர்த்தினேன், 41-இல் வந்து அசையாமல் நின்றது. நாலு வருஷம் படித்த படிப்பு முழுக்க அந்த அரைச் சுற்றில் பயன்பட்டது. நாணு சேட்டன் ஓடிவந்து வாளியை வைத்தார், தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. இன்று பரீட்சைக்குப் போனேன். அளந்தேன். பம்பு 41 காட்டியது, 41 என்று எழுதினேன். இதில் பொய் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள். எக்ஸாமினர் "வெரி குட்" என்று தோளில் தட்டினார், பாஸ் என்று சுதீர் சார் கையோடு சொல்லிவிட்டார்.

ஆகவே மேலே எழுதியது எதையும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பி.டெக். இருக்கட்டும். எழுத்து இன்னும் கொஞ்சம் தடிமனாக இருந்தாலும் பரவாயில்லை. உங்கள் பெயருக்கு முன்னால் தொழிலதிபரும் இருக்கட்டும் மாமா. இடம் இருந்தால் 'பிரபல' சேர்த்துக்கொள்ளுங்கள்.

இசக்கிராஜா, பி.டெக்.