கஸாலாவின் நெஞ்சில் வெள்ளை

"நெஞ்சுல வெள்ளை இருக்கு. ஆகாது," என்றார் ஸி ஜவாத், கஸாலாவின் கழுத்தை விட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டே.

புவஸ்ஸாவுக்குப் புரியவில்லை. "எது ஆகாது?"

"நாய்தான். சுத்தமான ஸ்லூகின்னா மார்புல ஒரு பொட்டு அளவுக்கு வெள்ளை இருக்கலாம். இது உள்ளங்கை அகலம் இருக்கு. கலப்பு. அடுத்தது யாருப்பா?"

புதன்சந்தை மைதானத்தில், ஆட்டுச் சந்தைக்கும் ஆலிவ் விற்கிறவர்களுக்கும் நடுவே, நாய்ச்சங்கத்தார் ஒரு கூடாரம் அடித்திருந்தார்கள். அப்பன் ஆத்தாள் பெயர் எழுதி வைக்காத கிராமத்து ஸ்லூகி வேட்டை நாய்களையெல்லாம் சங்கத்தின் நடுவர் ஸி ஜவாத் கண்ணால் பார்ப்பார். அவர் தலையாட்டினால் அந்த நாய்க்கு வம்சக் காகிதம். ஆட்டாவிட்டால் அது தெருநாய்.

அடுத்து வந்தவன் கத்தூர். புவஸ்ஸாவின் மனைவி மஹ்ஜூபாவுக்குத் தம்பி. அவன் இழுத்து வந்த துகான், கஸாலாவோடு ஒரே ஈற்றில் பிறந்த கடுவன். ஓடச் சொன்னால் உட்காரும், உட்காரச் சொன்னால் தூங்கும்.

ஸி ஜவாத் துகானின் பல்லைப் பார்த்தார். வாலைப் பார்த்தார். "அபாரம்! சுத்த ரத்தம்!" என்று முத்திரையைக் குத்தினார்.

புவஸ்ஸாவின் காது சிவந்தது.

"ஸி ஜவாத், இருங்க. இது ரெண்டும் அண்ணன் தங்கச்சி. என் வீட்டு வைக்கோல் மேலதான் பொறந்துச்சு. நான்தான் பக்கத்துல உக்காந்து பிரசவம் பாத்தேன். அவன் சுத்தம்னா இவ மட்டும் எப்படிக் கலப்பாவா?"

"நான் கண்ணால பாக்கிறதைத்தான் எழுத முடியும்ப்பா."

"ஒரு தாய் வயித்துக்குள்ள பாதி சுத்தம், பாதி அசுத்தமா இருக்குமா? நீங்க படிச்சவரா, இல்ல சந்தைக்கு ஆடு வாங்க வந்தவரா?"

கூடாரத்தில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். ஸி ஜவாத் சிரிக்கவில்லை. கஸாலாவை மறுபடி ஒரு பார்வை பார்த்து, "வாலும் குட்டை," என்று சேர்த்து எழுதிக்கொண்டார்.

விஷயம் வெறும் காகிதமாக இருந்தால் புவஸ்ஸா காறித் துப்பிவிட்டு வெங்காயத் தோட்டத்துக்குப் போயிருப்பான். ஆனால் அறுவடை முடிந்து நடக்கும் மவுஸிம் திருவிழாவில், குதிரைகளுக்கு முன்னால் ஸ்லூகிகளை ஓடவிடுவார்கள். கஸாலா ஓட ஆரம்பித்ததிலிருந்து வேறெந்த நாயும் முதலில் வந்ததில்லை. அவள் ஓடுவதைப் பார்க்கவே உலாத் ஹமீதா கிராமம் மொத்தமும் வண்டி கட்டிக்கொண்டு வரும். இந்த வருஷம் விழாக் குழுவினர் அறிவித்துவிட்டார்கள்: காகிதம் உள்ள நாய்தான் ஓடலாம்.

அன்று சாயங்காலமே கத்தூர் புதினாத் தேநீர் குடிக்க வந்துவிட்டான், காகிதத்தோடு.

"அக்கா, படிச்சுக் காட்டு. மச்சானும் கேக்கட்டும்."

மஹ்ஜூபா படித்தாள். "பெயர், துகான். இனம், ஸ்லூகி. தகப்பன், தெரியாது. தாய், தெரியாது."

"என்னது?" புவஸ்ஸா எழுந்த வேகத்தில் தேநீர்க் குவளை உருண்டது. "தாய் தெரியாதா? அதோ, அத்திமரத்தடியில படுத்து ஈ ஓட்டிக்கிட்டிருக்காளே, அது யாரு? அவ அம்மாவைக்கூட எனக்குத் தெரியும். அம்மா அப்பன் யாருன்னு தெரிஞ்சா கலப்பு, தெரியலைன்னா சுத்த ரத்தமா? இதை எழுதினவன் கையை உடைக்கணும்!"

அத்திமரத்தடியில் கிழட்டு நாய் ஸபா அவன் போட்ட சத்தத்தைக் கேட்டு ஒரு காதைத் தூக்கி, மறுபடி மடக்கிக்கொண்டது.

"கோவப்படாதீங்க மச்சான்," என்றான் கத்தூர், ரொட்டியைப் பிய்த்தபடி. "கஸாலாவும் நல்ல நாய்தான். ஆட்டுக்குக் காவல் வையுங்க. ஆனா துகான் பக்கம் விளையாட விடாதீங்க. அவனுக்கு இப்ப ஒரு அந்தஸ்து இருக்கு பாருங்க."

புவஸ்ஸா அவன் கையிலிருந்த ரொட்டியைப் பிடுங்கி ஸபாவுக்குப் போட்டான்.

கத்தூர் போனதும் மஹ்ஜூபா சொன்னாள்: "சனிச்சந்தையிலயும் அந்த ஆள் கூடாரம் போடுறாராம். ஒரு நாளைக்கு எத்தனை நாயைப் பாக்கிறாரு, இவளை எங்க ஞாபகம் வச்சிருக்கப் போறாரு? அந்த வெள்ளையை மறைச்சாப் போதும். கொஞ்சம் மருதாணி வச்சு விடுறேன்."

"நாய்க்கு மருதாணியா? நாம கேக்கிறது நியாயம். வேஷம் இல்ல."

"நியாயம் கேட்டீங்களே, வால் குட்டையாச்சு. பேசாம அவ காலைப் பிடிங்க."

மருதாணி காய்ந்து உதிர்ந்தபோது கஸாலாவின் மார்பில் வெள்ளை இல்லை. பழுத்த ஆரஞ்சு நிறத்தில் ஒரு வட்டம் இருந்தது. மணல் நிற உடம்பில் அது விளக்கு வைத்தாற்போல எரிந்தது.

"இப்ப வானத்துல போற கழுகுக்கே தெரியும்," என்றான் புவஸ்ஸா.

"அப்ப உடம்பு முழுக்கப் பூசிட்டா ஒரே மாதிரி ஆயிடும்."

ஒரே மாதிரிதான் ஆயிற்று. வெள்ளிக்கிழமை காலை முற்றத்தில் முழு ஆரஞ்சு நிறத்தில் ஒரு நாய் நின்றது. கோழிகள் கூட்டைவிட்டு இறங்க மறுத்தன. வேலிக்கு அப்பால் போன பக்கத்து வீட்டுக்காரி நின்று, "கல்யாணம் யாருக்கு? சொல்லவே இல்லையே!" என்றாள்.

புவஸ்ஸா தலைப்பாகையைத் தரையில் அடித்தான். "மானம் போச்சு! இவளை வெளியில எப்படிக் கூட்டிட்டுப் போவேன்?"

மஹ்ஜூபா அசரவில்லை. பெண்கள் உதடு சிவக்கத் தேய்க்கிற அக்ரூட் பட்டையை ஒரு பானை நிறையக் காய்ச்சினாள். கறுத்த அந்தச் சாற்றை முதுகில் ஊற்றியதுதான் தாமதம், கஸாலா இருவர் கையையும் உதறிவிட்டுப் பாய்ந்தாள். கள்ளி வேலியில் உரசி, வைக்கோலில் புரண்டு, உடம்பைச் சிலிர்த்து, அவள் திரும்பி வந்தபோது விலாவெங்கும் சாறு கோடு கோடாக வழிந்து காய்ந்திருந்தது.

"புலி," என்றாள் மஹ்ஜூபா, மெல்ல.

"பைத்தியக்காரி," என்றான் புவஸ்ஸா. அவன் அவளைச் சொன்னானா, நாயைச் சொன்னானா, தெரியவில்லை.

போகமாட்டேன் என்று சனிக்கிழமை காலைவரை அடம்பிடித்தான். மவுஸிம் மைதானத்தில் துகான் தூங்கி வழிய, கத்தூர் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும் காட்சி கண்ணில் வந்தது. தலைப்பாகைத் துணியால் முகத்தைப் பாதி மூடிக்கொண்டு கஸாலாவைக் கழுதை வண்டியில் ஏற்றினான்.

ஸி ஜவாத் அவளைப் பார்த்ததும் நாற்காலியைவிட்டு எழுந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு ஒருமுறை சுற்றி வந்தார்.

"வரிப்புலி நிறம்! இந்தச் சமவெளியில இந்த நிறம் அழிஞ்சே போச்சுன்னு நினைச்சேன். ஒரு பொட்டு வெள்ளை இல்ல. வால் பாரு, என்ன நீளம்!" பிறகு மூக்கைச் சுருக்கினார். "என்னமோ வாசனை வருதே?"

"கல்யாண வீட்டுலேர்ந்து வர்றோம்," என்றான் புவஸ்ஸா பல்லைக் கடித்துக்கொண்டு.

"சரி. தகப்பன் பேரு?"

"தெரியாது."

"தாய்?"

புவஸ்ஸாவுக்கு அத்திமரத்தடி கண்ணில் வந்தது.

"தெரியாது," என்றான்.

முத்திரை விழுந்தது. வீடு வரும்வரை கழுதையைத் திட்டிக்கொண்டே வந்தான். காகிதம் கிடைக்காதபோது இருந்த கோபம், கிடைத்த பிறகு இரண்டு மடங்காகியிருந்தது.

"என் வாயாலேயே ஸபாவை இல்லைன்னு சொல்ல வச்சுட்டான்!" என்று காகிதத்தை மஹ்ஜூபாவின் மடியில் எறிந்தான். "இதுல இருக்கிறது யார் நாய்? வரிப்புலியாம்! அப்படி ஒரு நாய் நம்ம வீட்டுலேயே கிடையாது!"

சேதி கேட்டுக் கத்தூர் ஓடி வந்தான். முகம் வெளிறியிருந்தது.

"மச்சான், அரிய வம்சம்னு ஊரெல்லாம் பேசிக்கிறாங்களே. துகான் அவ கூடப் பொறந்தவன்தானே? ஒரு தாய் வயித்துப் பிள்ளைங்கன்னு சங்கத்துல வந்து ஒரு வார்த்தை சொல்லுங்களேன்."

"தாயா? தாய்தான் யாருன்னே தெரியாதே," என்றான் புவஸ்ஸா.

அவன் அனுபவித்த சந்தோஷம் அது ஒன்றுதான். சில நாளில் ஸி ஜவாத்திடமிருந்து ஆள் வந்தது. இந்த அரிய நிறம் அழியக்கூடாது, அதனால் தன் சொந்த நாயைக் கஸாலாவோடு சேர்க்க அவரே நேரில் அழைத்து வருகிறாராம்.

கஸாலாவோ அதற்குள் வாய்க்காலில் இரண்டு முறை குளித்திருந்தாள். கோடுகள் கரைந்து, ஆரஞ்சு வெளுத்து, பழைய பாய் மாதிரி இருந்தாள். மஹ்ஜூபா மறுபடி மருதாணி குழைத்தாள். பாதி முதுகு பூசி முடிப்பதற்குள் வாசலில் கார் வந்து நின்றுவிட்டது.

ஓட்டுநர் மீலூத் இறங்கிப் பின்கதவைத் திறந்து, தரையில் ஒரு கம்பளத்தை விரித்தார். அதன்மேல் காலை வைத்து இறங்கியது ஸி ஜவாத்தின் நாய். செம்மணல் நிறம், பட்டுப் போன்ற மேனி.

"பாத்துக்கோப்பா," என்றார் ஸி ஜவாத். "ஸ்லூகின்னா இவன்தான். நாங்க மத்த நாயை அளக்கிறதே இவனை வச்சுத்தான். எங்கே என் வரிப்புலி?"

கஸாலா மருதாணிச் சேறோடு வந்து நின்றாள். ஸி ஜவாத் வாயைத் திறக்குமுன் புவஸ்ஸாவின் பொறுமை அறுந்துவிட்டது.

"வரிப்புலியா? இந்தாங்க, உங்க வரிப்புலி!"

கிணற்றடியில் இருந்த வாளித் தண்ணீரை அப்படியே அவள்மேல் ஊற்றினான். இன்னொரு வாளி. தோளில் கிடந்த துணியால் வறட்டு வறட்டென்று தேய்த்தான். சிவப்பும் கறுப்பும் வழிந்து முற்றம் குளமாயிற்று.

"நாய்மேல தெறிக்காம பாத்துக்கோ, மீலூத்!" என்று கத்தினார் ஸி ஜவாத். மீலூத் அந்தச் செம்மணல் நாயை இரு கையாலும் அள்ளித் தூக்கிக்கொண்டார்.

கஸாலாவின் நெஞ்சில் வெளிறிய ஆரஞ்சுக்கு நடுவே வெள்ளை எட்டிப் பார்த்தது.

"பாத்தீங்களா? நீங்க கலப்புன்னு தள்ளின அதே நாய்! அதே நெஞ்சு, அதே வால்! அப்ப குட்டை, இப்ப நீளமா? அதோ படுத்திருக்காளே, அவதான் இவளுக்கு அம்மா. பேரு ஸபா. அவ நெஞ்சுலயும் இதே வெள்ளைதான். தாய் தெரியாதுன்னு போட்ட காகிதம் என் வீட்டுல இருக்கக்கூடாது. கொண்டு போங்க!"

காகிதத்தை அவர் கையில் திணித்தான். ஸி ஜவாத்தின் முகம் கறுத்தது.

"மோசடி! இந்தச் சமவெளியில எந்த மைதானத்துலயும் இந்த நாய் கால் வைக்க முடியாது. நான் பாத்துக்கிறேன்!"

"வெறும் வயல்ல ஓடுவா! ஊர் அங்க வந்து பாக்கும்!" என்று கத்தினான் புவஸ்ஸா. ஈர நாயை அப்படியே கட்டிக்கொண்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டான்.

ஸி ஜவாத் காருக்குள் ஏறிக் கதவை அறைந்து சாத்தினார்.

மீலூத் மட்டும் உடனே போகவில்லை. நாயைத் தூக்கியபடியே சேற்றைச் சுற்றிக்கொண்டு மஹ்ஜூபாவிடம் வந்தார். காரை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"அக்கா, இந்த மருதாணி எந்தக் கடையில வாங்கினீங்க? ரெண்டு வாளி ஊத்தியும் இன்னும் பிடிச்சுக்கிட்டு நிக்குதே! நான் இவனுக்குப் போடுறது ஒரு தூறலுக்கே ஓடிப்போயி, நெஞ்சுல வெள்ளை தெரிஞ்சிடுது."