மைக் ஸ்டாண்டில் வியாழன்

"அப்பா, அது டெலஸ்கோப் இல்ல. பிள்ளைகளுக்க விளையாட்டுச் சாமானாக்கும். திருப்பிக் கொடுங்க."

வீடியோ காலில் மகன் ஜெனில் இப்படிச் சொன்னதும் சத்தியதாசின் முகம் தொங்கிவிட்டது. பெட்டியின் மேல் சனிக்கிரகம் வளையத்தோடு பளபளத்தது. குழாய்க்குள் எட்டிப் பார்த்தால் தெரிந்ததெல்லாம் அவருடைய கண்ணிமை மயிர்தான்.

"பின்ன என்னதான் வாங்க, மக்கா?"

"பைனாக்குலர் போதும். ரெண்டாயிரத்துக்கு மேல போவாண்டாம்."

காரோடு கிராமத்தில் அந்த வீட்டில் சத்தியதாஸ் ஒற்றை ஆள். மனைவி சத்தியபாய் காலமாகி இரண்டு கிறிஸ்துமஸ் ஆகிறது. மகன் துபாயில். முன்பெல்லாம் அவன் கூப்பிட்டால், "சாப்பிட்டீங்களா?" "ஆச்சு." "மாத்திரை?" "போட்டேன்." அதோடு சரக்குத் தீர்ந்துவிடும். பிறகு இரண்டு பக்கமும் மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்கும்.

ஒருநாள் அவனாகவே, "அப்பா, இங்க மானத்துல வியாழன் தெரியுது. அங்கயும் தெரியும். பாருங்களேன்" என்றான். அன்றிலிருந்து பேச்சுக்குப் பஞ்சமில்லை. சரியான சாமானை வாங்கிவிட்டால் அப்பனும் மகனும் ஒரே நேரத்தில் ஒரே வெளிச்சத்தைப் பார்க்கலாம். சத்தியதாசின் ஆசை அவ்வளவுதான். அதற்குள், 'இந்த மனுசனுக்குச் சொல்லி முடியாது' என்று பையன் சலித்துப் போனை வைத்துவிடுவானோ என்பதுதான் பயம்.

பூவாரில் படகு ஓட்டும் பிஜு, சுற்றுலாக்காரர்களுக்குக் கொக்கும் நாரையும் காட்டிய பழைய பைனாக்குலரைச் சொற்ப விலைக்குக் கொடுத்தான். அதில் பார்த்தால் வியாழன் ஓரிடத்தில் நிற்கவில்லை. எண்ணெயில் போட்ட கடுகு மாதிரித் துள்ளியது.

"கை நடுங்குது. ஸ்டாண்டு வேணும்" என்றான் ஜெனில்.

ஸ்டாண்டுக்குக் காசு ஏது? சர்ச் சாவியை வைத்திருந்த ஈசாக்கைக் காக்காய் பிடித்து, மைக் ஸ்டாண்டை இரவல் வாங்கி, பைனாக்குலரை அதில் வைத்துக் கட்டினார். அன்றைக்கென்று பார்த்துப் போதகர் உபவாச ஜெபம் வைத்துவிட்டார். ஒரு கையில் மைக், மறு கையில் வேதப்புத்தகம், பக்கம் புரட்ட மூன்றாவது கை இல்லை. பிரசங்கம் பாதியில் முடிந்தது. சபையார் மனசுக்குள் ஸ்தோத்திரம் சொன்னார்கள். ஈசாக்குக்கு மட்டும் செம டோஸ்.

"எலே தாசே, நாளைக்கு விடியும்போ ஸ்டாண்டு கோயில்ல இருக்கணும், கேட்டியா!" என்று ஈசாக் வந்து கத்திவிட்டுப் போனார்.

ஒரே ஒரு சாயங்காலம் மிச்சம். மகனிடம் கேட்டால், "முற்றத்துல தென்னை மறைக்கும். மாடிக்குப் போங்க" என்றான். மாடிக்கு ஏற்றினார். பாரம் தாங்காமல் ஸ்டாண்டின் கம்பி தலை குனிந்தது. குனிந்த இடத்தில் பக்கத்து வீட்டுப் பகவதியம்மாளின் அடுக்களை ஜன்னல்.

"நல்லா இருக்கே அண்ணே! வயசான காலத்துல எங்க அடுக்களையில என்ன நோட்டம்?"

"வியாழன் பாக்கேன் தங்கச்சி!"

"இன்னைக்குச் செவ்வாயாக்கும்!"

ஜன்னலை அறைந்து சாத்திய சத்தம் தெருமுனை வரை கேட்டது.

கடைசியில் கம்பியின் பின்பக்கம் ஒரு தேங்காயைக் கட்டித் தொங்கவிட்டார். குனிந்த தலை நிமிர்ந்தது. வட்டத்துக்குள் வியாழன், அசையாமல். பக்கத்தில் பொடிப்பொடியாக அதன் நிலாக்கள். சத்தியதாசுக்குக் கண் நிறைந்துவிட்டது. இங்கே வந்து பார் என்று கூப்பிட வீட்டில் ஒரு ஆள் இல்லை.

அப்போதுதான் சஜின் படியேறி வந்தான். துபாயில் ஜெனிலோடு ஒரே அறையில் இருப்பவன், லீவுக்கு வந்திருந்தான். கையில் ஜெனில் கொடுத்துவிட்ட பேரீச்சம்பழம்.

"வா மக்கா, நல்ல நேரத்துல வந்த! பாரு, பாரு!"

சஜின் குனிந்து பார்த்தான். "அடிபொளி மாமா!" என்றான். அவர் போனை எடுத்ததும் அவன் முகம் மாறியது. "யாருக்கு?"

"ஜெனிலுக்குத்தான். தெரிஞ்சிருச்சுன்னு சொல்லண்டாமா? பாவம், எத்தனை குத்தம் கண்டுபிடிச்சுத் திருத்தித் தந்தான்!"

சஜின் போனை மெல்ல வாங்கிக்கொண்டான்.

"சொல்லாதீங்க மாமா. எங்க ரூமுக்கு ஜன்னலே கிடையாது, அவன் வியாழனைக் கண்டதே இல்ல. தினமும் டூட்டி முடிஞ்சு வந்து, இன்னைக்கு அப்பாட்ட என்ன குத்தம் சொல்லலாம்னு மொபைல்ல தேடீட்டு இருப்பான். உங்களுக்கு வியாழன் தெரிஞ்சு போச்சுன்னா, பிறகு அவன் எதைச் சொல்லி உங்களைக் கூப்பிடுவான்?"