மலை மேல் ஒரு கடல் சட்டம்

சேர்வராயன் மலையில் கடல் சட்டத்துக்குப் பயந்து வாழ்ந்த ஒரே ஜீவன் எங்கள் கப்பல்காரர்தான். மலையில் ஏது கடல் என்று கேட்காதீர்கள். அவரிடம் அப்படிக் கேட்டவர்களுக்கெல்லாம் அரை நாள் பிழைப்பு கெட்டிருக்கிறது.

எண்பதுகளில், ஏற்காட்டுக்குப் பக்கத்தில் ஒரு காப்பி எஸ்டேட்டில் நான் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்தேன். சரக்குக் கப்பலில் இஞ்சின் அறையில் வெந்துவிட்டு, எங்களிடம் காப்பிப் பழத் தோலை உரிக்கும் மெஷினைப் பார்த்துக்கொள்ள வந்தவர் அவர். சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்கும். யாரும் கேட்டதில்லை.

கப்பலிலிருந்து அவர் கொண்டுவந்தது ஒரு தகரப் பெட்டியும் ஒரு சட்டமும்தான். பெட்டியை மூடி வைப்பார். சட்டத்தை மூடவே மாட்டார்.

"கடல்ல கழிவக் கொட்டப்படாதுங்க ரைட்டரே. ஆபத்துன்னா மட்டும் கொட்டலாம். அதுக்கும் உசுருக்கோ கப்பலுக்கோ மெய்யாலுமே ஆபத்து இருக்கோணும். வேற வழியே இருக்கப்படாது. எப்படிக் கொட்டுனா சேதாரம் கம்மியோ அப்படித்தான் கொட்டோணும். கொட்டுன கையோட சொல்லிப்போடோணும்."

"சொல்லாம உட்டா?"

"அப்பறம் அது களவாணித்தனமுங்க."

ஒருநாள் சமையல்காரர் ஊசிப்போன சாம்பாரை வேலிக்கு அந்தப்பக்கம் ஊற்றப் போனார். கப்பல்காரர் குறுக்கே பாய்ந்தார். "உசுருக்கு ஆபத்துங்களா?"

"இதத் தின்னாத்தானுங்க ஆபத்து!" என்றார் சமையல்காரர். கப்பல்காரர் வெகுநேரம் யோசித்து, நியாயம்தான் என்று அனுமதி கொடுத்தார்.

சேலம் பஸ் கதை இன்னும் மோசம். கொண்டை ஊசி வளைவில் புது மாப்பிள்ளை ஒருவருக்குக் குமட்டல். பெண் முகம் சிவந்து உட்கார்ந்திருக்கிறாள். நம் கப்பல்காரர் எழுந்து போய் மாப்பிள்ளையின் தோளைப் பிடித்து, "பள்ளத்துப் பக்கம் பாத்துங்க! ரோட்டுல ஆளு வர்றாங்க!" என்று தலையைத் திருப்பிவிட்டார். காரியம் முடிந்ததும், "கண்டக்டர்! இவரு கொட்டிட்டாருங்க!" என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி அறிவித்தார். அந்தக் கல்யாணம் எப்படி நிலைத்ததோ, மலைச்சாமி சேர்வராயனுக்குத்தான் வெளிச்சம்.

சிரித்துக்கொண்டேதான் இருந்தோம், அந்தக் கார்த்திகை மழை வரும்வரை.

பழம் கழுவிய தண்ணீர் தேங்கும் குழி மேட்டில் இருந்தது. புளித்து, குடலைப் பிடுங்கும் நாற்றம். அதற்கு நேர் கீழே கூலிக்காரர்களின் லைன் வீடுகள். அன்று காலை குழியின் கரை கசிய ஆரம்பித்தது. உடைந்தால் வீடுகளோடு பிள்ளைகளும் போவார்கள். ஆட்களை வெளியே இழுக்கக்கூட அவகாசமில்லை. கப்பல்காரர் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிப் பக்கவாட்டுக் கரையை வெட்டினார். அத்தனையும் ஓடையில் பாய்ந்தது. வீடுகள் தப்பித்தன.

எல்லோரும் அவரைக் கும்பிட்டார்கள். அவர் முகமோ செத்துக் கிடந்தது. அந்த ஓடைதான் கீழே கிளியூர்ப் பக்கத்து வீடுகளுக்குக் குடிதண்ணீர்.

"ஒரு கரண்டி சாம்பாரக் கொட்ட உடாதவன், ஒரு குழியவே கொட்டிட்டனே ரைட்டரே."

"இந்த மழையில யாருக்குங்கண்ணா தெரியப் போகுது?" என்றேன். ஆறுதல் சொல்வதாக நினைப்பு. அவர் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார். எனக்குக் கூசிப்போயிற்று.

"கொட்டுன கையோட சொல்லோணும். வாங்க."

மழையில் வழுக்கி வழுக்கிக் குறுக்குத் தடத்தில் இறங்கினோம். முதல் வீட்டு வெள்ளையம்மா இடுப்பில் குடத்தோடு ஓடைக்குக் கிளம்பியிருந்தார்.

"நில்லுங்கம்மா! தண்ணி எடுக்காதீங்க. காப்பித் தண்ணிய ஓடையில உட்டுட்டனுங்க. நாந்தான் உட்டேன்."

காது கூசத் திட்டு விழும் என்று நான் குடைக்குள் ஒடுங்கினேன். அந்த அம்மா திட்டவில்லை. வேற்று நாட்டு ஆளைப் பார்ப்பதுபோல அவரைப் பார்த்தார்.

"ஏனுங்க, இதென்ன புதுசா? காப்பி சீசன் வந்தா வருசந்தவறாம ஓடை நாறுதுங்க. எந்த எஸ்டேட்டுக்காரங்க உடறாங்கன்னு நாங்க என்னத்தக் கண்டோம்? புள்ளைங்களுக்கு வவுத்தால போகும். மழைத்தண்ணி சேரலன்னு நெனச்சுக்குவோம்."

"வருசாவருசமா?" என்றார் கப்பல்காரர். அப்புறம் என் பக்கம் திரும்பினார். எஸ்டேட்டுகள் ஓடையில் திறந்துவிடுவது எனக்குத் தெரிந்த சங்கதிதான். நான் குடைக் கம்பியை ஆராய்ந்தேன்.

அன்று ஒரு வீடு விடாமல் ஏறி இறங்கி, கைகூப்பி, "நாந்தாங்க, நாந்தாங்க" என்று சொன்னார். ஒரு பெரியவர் இவர் குடித்திருக்கிறார் என்று நினைத்து, "போச்சாது, போகட்டும் உடுங்க, ஊட்டுக்குப் போயித் தூங்குங்க" என்று அனுப்பிவைத்தார். ஓடை தெளியும்வரை எஸ்டேட் தொட்டித் தண்ணீரை டிரம்மில் பிடித்து ஜீப்பில் இறக்கினார். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

கடைசி நாள் வெள்ளையம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "எதுக்குங்கண்ணா தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு? கொட்டுனவங்க அத்தன பேரும் நிமிந்துக்கிட்டு ஜீப்புல போறாங்க. வந்து சொன்னது நீங்க ஒருத்தருதானுங்க."

அவர் நிமிரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு டிரம்மைத் தூக்கக் குனிந்தார். நான் மறுபக்கத்தைப் பிடித்தேன். கிளியூரே எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் அந்த மனுஷனோடு சேர்த்து என்னையும் பார்க்கட்டும் என்று இருந்தது எனக்கு.