ஒரே ஒரு பாட்டுக்குக் குளிர்பெட்டி அணைத்த படலம்

“கையை வெச்சுப் பாரு, தெரியும்! நாளைக்குக் காலையில கல்யாண வீட்டுக்குப் போற கேக்குடா அது!”

“ஃப்ரிட்ஜ் போடுற சத்தத்துல பாட்டே கேக்கலைக்கா! ஒரே ஒரு பாட்டு. பிளக்கைப் புடுங்கிட்டு உடனே சொருகிடலாம்!”

கேட்பீராக, அடுத்த வீட்டுச் சேதியில் ஆர்வம் குன்றாத அன்பர்காள்! மாவுதோய் கரத்தாள், வெண்ணெய் குழைக்கும் வீரத்தோளாள், முட்டை நூறு உடைத்தும் முகஞ்சுளியா மறத்தி, அந்தக் கேக்கரசி வாழ்க! அவளது முதல் கல்யாண ஆர்டர், மூன்றடுக்கு வெண்கோபுரமாக, சமையலறையில் இடமின்றிக் கூடத்திலேயே உறுமிக்கொண்டிருந்த முதுபெருங் குளிர்பெட்டியின் வயிற்றுக்குள் வீற்றிருந்தது. அது சரிந்தால் அவள் தொழிலும் சரியும்.

அதே கூடத்தில், முழங்காலோடு முழங்கால் இடிக்க, தரையில் அமர்ந்திருந்தனர் இருபத்திரண்டு ரசிகர். எதிரே அவள் தம்பியின் இசைக்குழு: மைக்கை மதியாத, ஸ்பீக்கரைத் தீண்டாத, கொசு இருமினாலும் கலைந்துபோகும் மென்பாடல்களைக் கண்மூடிப் பாடும் கனவுப்படை. வந்தவர் முன்னிலையில் உடன்பிறந்தவனை அடிக்கவா முடியும்? எனவே முழங்கினாள் அரசி:

“ஒரு பாட்டுதான். முடிஞ்ச அடுத்த நொடி சொருகிடுவேன்!”

உறையினின்று வாளை உருவுவதுபோல் பிளக்கை உருவி, சுவரோரம் நின்றாள்.

ஐயகோ! அக்குழுவின் பாடல்களுக்குத் தொடக்கம் உண்டு. முடிவு எங்கே என்பது பாடுபவருக்கே தெரியாது! இந்தச் சங்கதி தம்பிக்குத் தெரியும். ஆனால் பாடகியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு வாய் திறக்க ஏது நேரம்?

மேகம் ஒன்று நடை பழகுவதுபற்றிப் பாடகி முனக, கிட்டார் சொட்டுச்சொட்டாய் உதிர, ஒருவழியாய் எல்லாம் தேய்ந்து அடங்கியதென்று அரசி குனிந்தால், “ம்ம்ம்...” என்று மறுபடி கிளம்பியது குரல், நிமிர்ந்தாள், மீண்டும் தேய்ந்தது, மீண்டும் குனிந்தாள், மீண்டும் “ம்ம்ம்...”, இவ்வாறு நான்கு முறை படையெடுத்து நான்கு முறை பின்வாங்கிய அவ்வீராங்கனையின் இடுப்பு நோக, பாட்டு முடியுமுன் கைதட்டினால் தன் மானம் போகுமோ என்று ரசிகர் ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் வேவு பார்க்க, கடிகார முள் பதினாறு நிமிடத்தைக் கடக்க, குளிர்பெட்டியின் காலடியில், தோற்ற வேந்தனின் கண்ணீரென, நீர் கசிந்தது.

பொறுத்தது போதும்! ஐந்தாம் முறை சொருகியே விட்டாள்.

இடியெனக் குலுங்கி, களிறெனப் பிளிறி எழுந்தது குளிர்பெட்டி. அதுவே இறுதி முரசென்று நம்பிய இருபத்திரண்டு பேரும் எழுந்து நின்று கைதட்டினர். பாடகி கண் திறந்தாள்.

“இந்தப் பாட்டை எப்படி முடிக்கிறதுன்னு ஒரு வருஷமா தெரியாம இருந்தேன்க்கா! நீங்க எங்ககூடவே வந்துடுங்களேன்!”

“வழியை விடும்மா தாயே, நான் கேக்கைப் பாக்கணும்!”

மேலடுக்கு இரண்டு விரல் சாய்ந்திருந்தது. நிமிர்த்தினால் உடையும். அப்படியே விட்டு, சாய்ந்த பக்கத்தில் ஒரு கொத்து சர்க்கரைப் பூவைச் சாத்தி அனுப்பினாள். மறுநாள் மணவீட்டார் அதைப் புது மாடல் என்று மெச்சி, மணப்பெண்ணின் தங்கை கல்யாணத்துக்கும் அதேபோல் ஒன்று கேட்டுவிட்டனர்! அன்று முதல் சாய்கோபுரப் பேரரசி அவளே! திசையெட்டும் பரவுக அவள் புகழ்!

தம்பி ஆறு மாதத்தில் அந்தப் பாடகியைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு பக்கத்துத் தெருவுக்குக் குடிபோய்விட்டான்.